ஆக்ஸி ஓடிக்கொண்டிருக்கிறாள்

ஜனவரி 5, திங்கள்

இந்த டைரியைத் திறந்திருக்கும் அன்பருக்கு: நீங்கள் என் அம்மா என்றால் உடனே மூடவும், பாலைப் பொங்க விட்டுவிட்டு வந்திருப்பீர்கள். பேச்சி என்றால்... பேச்சி ஏன் இதைத் திறக்கப் போகிறாள்? விடுங்கள்.

நான் ஆக்ஸீலியா. ஆக்ஸி என்றால் போதும், மிச்ச எழுத்துகளை நீங்களே வைத்துக்கொள்ளலாம். தூத்துக்குடியில் பிளஸ் டூ படிக்கிறேன், கணினி அறிவியல். அடுத்த மாதம் செய்முறைத் தேர்வு. பைத்தான் என்று பாம்பின் பெயர் வைத்த மொழியில் புரோகிராம் எழுத வேண்டும். நான் எழுதுவதெல்லாம் முதல் தடவையில் சீறும், இரண்டாவது தடவையில் கொத்தும்.

எங்கள் கம்ப்யூட்டர் லேப் கோயில் மாதிரி. செருப்பை வாசலில் விட வேண்டும். ஒவ்வொரு மெஷினுக்கும் ரோஜாப்பூ போட்ட உறை உண்டு. தைத்தது என் அம்மா. லேப்பை ஆள்பவர் பெர்பெச்சுவா மிஸ். பெர்பெச்சுவா என்றால் நிரந்தரம் என்று அர்த்தமாம். மணி அடித்த பிறகும் அவர் வகுப்பு முடியாததற்கு இதுதான் காரணம்.

இன்று லேப் நடக்கும்போது தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று வெளியே வந்து, எல்லோருடைய வலது செருப்பையும் ஒரு ஜோடி தள்ளி வைத்தேன். மணி அடித்ததும் வாசலில் வகுப்பு மொத்தமும் ஒற்றைக் காலில், உப்பளத்துக் கொக்கு மாதிரி.

“உனக்கு வேற வேலையே இல்லையாம்மா?” என்றார் மிஸ்.

“இருக்கு மிஸ். அதுல இவ்ளோ பலன் வராது.”

எல்லோரும் சிரித்தார்கள். பேச்சி தன் செருப்பைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அவளுடையதை நான் தள்ளி வைக்கவில்லை. அவளுக்கு அது தெரிந்ததா என்று தெரியவில்லை.

ஜனவரி 7, புதன்

பேச்சியைப் பற்றி எழுதக் கூடாது என்று இருந்தேன். ஆனால் கதை புரிய வேண்டுமே.

முழுப் பெயர் பேச்சியம்மாள், குலசாமி பெயர். ஆறாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவள். பதினோராம் நம்பர் மெஷின் எங்கள் இருவருக்கும். நவம்பரில் மாவட்ட அறிவியல் கண்காட்சிக்கு ‘கணினி: ஐந்து தலைமுறைகள்’ என்று ஒரு கட்டுரை எழுதினாள். அச்சுக்குப் போவதற்கு முன் நான் அதைத் திறந்து, கணினி வருகிற இடமெல்லாம் கருவாடு என்று மாறும்படி ஒரே தட்டில் மாற்றிவிட்டேன். முதல் தலைமுறைக் கருவாடு ஓர் அறை முழுவதும் அடைத்துக்கொண்டது. ஐந்தாம் தலைமுறைக் கருவாடு தானே சிந்திக்கும். நான் எழுதியதிலேயே சிறந்த இலக்கியம் அதுதான், சத்தியமாக.

அவள் அச்சடித்த தாளை ஒரு தடவை படித்துப் பார்ப்பாள், சிரித்துவிட்டு என் மண்டையில் தட்டுவாள் என்பதுதான் கணக்கு. அவள் படித்துப் பார்க்கவில்லை. நேரே மேடையில் கல்வி அதிகாரி முன்னால் வாசித்தாள்.

அதிலிருந்து பேச்சிக்குப் பேச்சில்லை. கதவோரம் மூன்றாம் நம்பர் மெஷினுக்கு மாறிவிட்டாள். பக்கத்து ஸ்டூலில் இப்போது என் பை உட்கார்கிறது. பை நல்ல பிள்ளை. என் சிப்ஸில் பங்கு கேட்பதில்லை.

ஜனவரி 9, வெள்ளி

இன்று ஒரு புதையல். பிரிண்டர் தட்டில் யாரோ எடுக்காமல் விட்ட தாள்கள் இரண்டு. கம்ப்யூட்டர் திரையில் கறுப்பு ஜன்னலைத் திறந்து அடிக்க வேண்டிய கட்டளைகள். முதல் பக்கம் பளிச்சென்று இருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் மை தீர்ந்து, ‘எப்படி நிறுத்துவது’ என்ற தலைப்புக்குக் கீழே வெறும் வெள்ளை. ஆரம்பிக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு நிறுத்தச் சொல்லித் தராத தாள். எனக்கென்றே அச்சடித்த மாதிரி இருந்தது.

அட்மின் பாஸ்வேர்ட் கேட்டது. அது பிரச்சினையில்லை. மிஸ் அதை அடிக்கும்போது ஒவ்வொரு எழுத்தையும் உதட்டால் சொல்லிக்கொண்டே அடிப்பார். லேப்பில் சுவருக்கும் தெரியும்.

‘லாக்மேன் கொயரி’ என்று அடித்து, இடம் விட்டு, ஒரு சின்னக் கோடு போட்டு ‘ஈ டி எஸ்’ என்று முடித்து என்டரைத் தட்டினேன். வருகைப் பதிவேடு மாதிரி ஒரு பட்டியல் விழுந்தது. பெயர் பெயராக, ஒவ்வொன்றின் எதிரிலும் ‘ரன்னிங்’. எல்லோரும் ஓடிக்கொண்டிருக்கிறார்கள், நம் கண்ணுக்குத்தான் தெரியவில்லை.

புரிந்துகொண்டது இதுதான். கம்ப்யூட்டருக்குள் ஆயிரம் வாய்கள் இருக்கின்றன. ஃபைல் திறந்தால் ஒரு வாய் சொல்லும், வைஃபை அறுந்தால் ஒரு வாய் சொல்லும். இவைதான் புரொவைடர்கள். ‘லாக்மேன் கொயரி புரொவைடர்ஸ்’ என்று அடித்தால் அத்தனை வாயும் வரிசையாக வரும்; திரை ஓடி முடிவதற்குள் நான் கொட்டாவி விட்டு முடித்துவிட்டேன். இந்த வாய்களுக்குக் காது கொடுத்து எழுதிக்கொண்டே இருப்பவைதான் செஷன்கள். காது கொடுக்க ஒரு செஷன் இல்லையென்றால், வாய் என்ன சொன்னாலும் எங்கும் பதியாது.

முதலில் விழுந்தது இந்த செஷன்களின் பட்டியல்தான். அதில் ஒரு பெயர்: ‘யூசர் நாட் பிரசன்ட்’. மெஷின் முன்னால் ஆள் இல்லாதபோது நடப்பதைக் குறித்துக்கொள்கிற செஷன் போல. ஆள் இல்லை, ஆள் இல்லை என்று உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்க ஒருத்தனுக்குச் சம்பளம். பாவம்.

உற்சாகத்தில் திரும்பி, “ஏ, இங்க பாரு, இதுல...” என்று பையிடம் சொல்லிவிட்டேன். பிறகு சமாளித்துக்கொண்டு, கட்டளையைச் சத்தமாக, பொதுவாக, காற்றைப் பார்த்துச் சொன்னேன். மூன்றாம் மெஷின் பக்கம் யாரோ நோட்டில் எழுதிக்கொண்ட மாதிரி இருந்தது. நான் பார்க்கவில்லை.

ஜனவரி 12, திங்கள்

நாங்கள் எழுதும் புரோகிராம் எல்லாம் மிஸ்ஸின் மெஷினில், பொது ஃபோல்டரில் இருக்கும். எந்த மெஷினிலிருந்தும் திறக்கலாம். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு லேப்புக்குப் போய் பேச்சியின் ஃபோல்டரைத் திறந்து, எல்லாவற்றையும் என் பென் டிரைவில் நகல் எடுத்தேன். குறும்புக்குத்தான். அவள் புரோகிராமை ஓட்டினால் விடைக்குப் பதிலாக ‘பேச்சி, ஒரு வார்த்தை பேசு’ என்று வரவேண்டும் என்பது திட்டம்.

நேரம் கிடைக்கவில்லை. எட்டாவது புரோகிராமில் ஒரு கோலன் விடுபட்டிருந்தது. கை சும்மா இருக்காமல் என் நகலில் போட்டுவிட்டேன். அவளுடையதைத் தொடவில்லை.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டு கேக் பேச்சி வீட்டுக்குப் போகும், பொங்கலுக்கு அவர்கள் வீட்டுத் தூக்குவாளி எங்களுக்கு வரும். தூக்குவாளி வந்தது. கொண்டுவந்தது அவள் தம்பி.

ஜனவரி 20, செவ்வாய்

பெர்பெச்சுவா மிஸ் நேற்று மதுரைக்குப் பயிற்சிக்குப் போய்விட்டார், இரண்டு வாரம். லேப்பைப் பார்த்துக்கொள்வது விளையாட்டு மிஸ். ஸ்கிரீனைப் போட ஒரு விசில், அணைக்க இரண்டு விசில்.

மிஸ் போகும்போதும் அதே உத்தரவு: “ஸ்கிரீனை மட்டும் அணைங்க. சிபியூ மேல யாரும் கைவைக்கக் கூடாது.” அவருடைய மெஷினை ஒருமுறை அணைத்தால் மறுபடி எழும்ப ஒரு பீரியட் ஆகும் என்று பயம். அதனால் எங்கள் லேப்பில் அணைப்பது என்றால் ஸ்கிரீன் இருளும், உறை போர்த்தப்படும், ரோஜாப்பூவுக்குக் கீழே மெஷின் விடிய விடிய முழித்திருக்கும்.

பொது ஃபோல்டர் இன்று ஆமை. ஒரு ஃபைலைச் சேமிக்கச் சொல்லிவிட்டு நான் ஒரு கடலைமிட்டாயை முடித்தேன்.

ஜனவரி 22, வியாழன்

டிஸ்கில் இடமில்லை. யார் சேமித்தாலும் அதே செய்தி. பேச்சி விடாமல் திரும்பத் திரும்பச் சேமித்திருக்கிறாள், ஒவ்வொரு புரோகிராமையும். பழையது அழிந்து, புதியது எழுத இடமில்லாமல், ஃபைல் பெயர் மட்டும் இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. எல்லாமே. உரித்துத் தின்ற வாழைப்பழத்தின் தோல் மாதிரி.

அவள் சத்தமில்லாமல் அழுதாள். மூக்கை உறிஞ்சும் சத்தம்கூட இல்லை. பிறகு தலையைத் திருப்பிப் பதினோராம் மெஷினைப் பார்த்தாள். வகுப்பு மொத்தமும் பார்த்தது.

“நான் இல்ல” என்றேன். நான் உண்மையாகவே செய்யாத ஒன்றுக்கு ‘நான் இல்ல’ சொல்வது இதுதான் முதல் தடவை. அதனால்தானோ என்னவோ, சரியாக வரவில்லை.

ஜனவரி 23, வெள்ளி

தலைமையாசிரியை எவுப்ராசியா சிஸ்டர் லேப்புக்கு வந்தார். சிஸ்டர் வந்தால் மின்விசிறிகூட மெதுவாகச் சுற்றும்.

“யாருக்காவது என்னன்னு பாக்கத் தெரியுமா?”

பேச்சி எழுந்தாள். மிஸ்ஸின் மெஷினில் கறுப்பு ஜன்னலைத் திறந்து, நான் காற்றுக்குச் சொன்ன அதே கட்டளையை அடித்தாள். (ஆக, எழுதிக்கொண்டிருக்கிறாள்.) பட்டியல் விழுந்தது. வழக்கமான பெயர்களுக்குக் கடைசியில் ஒன்று, பெரிய எழுத்தில்: ஆக்ஸி. எதிரில்: ரன்னிங்.

யாரோ கிளுக்கென்று சிரித்து, சிஸ்டரைப் பார்த்ததும் அதை இருமலாக மாற்றினார்கள்.

“உன் பேருதானே?”

“பேரு என்னோடது சிஸ்டர். வேலை என்னோடது இல்ல.”

“பாஸ்வேர்ட் உனக்குத் தெரியுமா?”

“எல்லாருக்கும் தெரியும் சிஸ்டர்.”

“எல்லாரையும் கேக்கல. உன்னைக் கேட்டேன்.”

தெரியும் என்றேன். சிஸ்டர் மதுரைக்கு ஃபோன் போட்டார். மறுமுனையில் பெர்பெச்சுவா மிஸ் என்ன சொன்னாரோ, வைத்துவிட்டு என்னிடம் சொன்னது இது: மிஸ் வந்து விசாரிக்கும்வரை நான் லேப்புக்குள் கால் வைக்கக் கூடாது. நான்தான் என்று உறுதியானால் செய்முறைத் தேர்வுக்கு உட்கார முடியாது. அதற்கு உட்காராவிட்டால் கணினி அறிவியலில் தேர்ச்சி கிடையாது, தேர்ச்சி இல்லாவிட்டால் கல்லூரி கிடையாது. அதுவரை லேப் நேரத்தில் எனக்கு வாசலில் வேலை. செருப்புக் காவல்.

செருப்பை மாற்றி வைத்தவளைச் செருப்புக்குக் காவல் வைத்தார்கள். சிஸ்டருக்கும் நகைச்சுவை உண்டு, வெளியே காட்டிக்கொள்வதில்லை.

ஜனவரி 24, சனி

அம்மாவை வரச் சொல்லியிருந்தார்கள். போய்விட்டு வந்து தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தார்.

“ஏட்டி, அதுகளுக்குச் சட்டை தச்சுக் குடுத்தவ நான். அதுகளுக்கு வயித்துவலி வரவச்சவ நீயா?”

“நான் இல்லம்மா.”

“கருவாட்டுக்கும் இப்படித்தான் சொன்ன.”

“அதுக்கு ரெண்டு நாள்ல ஆமான்னு சொன்னேன்லா?”

“இதுக்கு எத்தனை நாளு?”

இரவு மீன் குழம்பில் எனக்குப் பிடித்த தலைத் துண்டு என் தட்டில் விழவில்லை. தீர்ப்பு வந்துவிட்டது.

ஜனவரி 25, ஞாயிறு

பூசை முடிந்து வந்து, அம்மாவுக்கு உதவியாகத் துணிப் பொட்டணங்களை அடுக்கினேன். (நற்பெயர் சம்பாதிக்கும் முயற்சி.) ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு குத்தியிருந்தது. ஜெனோவா. லூர்து மேரி. டீச்சர் வீட்டுப் பாப்பா.

பாதியில் நிறுத்திவிட்டேன். எல்லாப் பொட்டணமும் தைப்பது அம்மாதான். ஒன்றில்கூட அம்மாவின் பெயர் இல்லை. அளவு எடுத்தவள் பெயரை யார் எழுதுகிறார்கள்? அளவு கொடுத்தவள் பெயரைத்தான் எழுதுவார்கள்.

அப்படியென்றால் ஆக்ஸி என்ற பொட்டணத்தில் இருப்பது நான். தைப்பது வேறு யாரோ.

ஜனவரி 28, புதன்

செருப்புக் காவல், மூன்றாம் நாள். இந்த வகுப்பின் செருப்பையெல்லாம் முகம் பார்க்காமலே அடையாளம் சொல்வேன். பேச்சியின் இடது செருப்பு வார் ஊக்கில் நிற்கிறது.

அவள் ஜன்னலோரம் வந்தபோது கம்பி வழியாகப் பென் டிரைவை நீட்டினேன்.

“உன் புரோகிராமெல்லாம் இதுல இருக்கு. பொங்கலுக்கு முன்னால எடுத்தது. குறும்பு பண்ணத்தான் எடுத்தேன். பண்ணல. நேரம் கெடைக்கல.”

வாங்கிக்கொண்டாள். நேரே தன் மெஷினுக்குப் போய்விட்டாள். ஒரு ஃபைலைத் திருடியவள் என்று தானே ஒப்புக்கொள்கிறாளே இந்த மடச்சி என்று நினைத்திருப்பாள். நானும் அதைத்தான் நினைத்தேன், கையை நீட்டிய பிறகு.

ஜனவரி 29, வியாழன்

“ஏட்டி.”

திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் செருப்புகள் மட்டும்தான்.

“ஒன்னத்தான்.” பேச்சி. ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம்.

“என்னையா? செருப்பைக் கூப்பிடுதியோன்னு பாத்தேன்.”

அவள் சிரிக்கவில்லை. “எட்டாவது புரோகிராம்ல நான் கோலன் விட்டிருந்தேன். இதுல இருக்கு.”

“தானா வந்திருக்கும்.”

“கோலன் தானா வருமாட்டி?”

“பைத்தான்லா. பாம்பு குட்டி போட்டிருக்கும்.”

இதற்கும் சிரிக்கவில்லை. ஆனால் மூக்கு லேசாக விரிந்தது. சிரிப்பை அடக்கினால் அவளுக்கு மூக்கு விரியும்.

“அந்த செஷனு நீ போட்டது இல்ல” என்றாள். “நீ ஒரு நாளும் ஒன் பேரைப் போடமாட்ட. கருவாட்டுலகூட எழுதியவர் பேச்சியம்மாள்னு என் பேரத்தான் விட்டு வச்சிருந்த.”

நவம்பரிலிருந்து அவள் என்னிடம் இத்தனை வார்த்தை பேசியதில்லை. அதில் என்னை விடுவித்ததும் இருந்தது, என்னைக் குத்தியதும் இருந்தது. நான் ஒன்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் இரண்டு விசில் அடித்துவிட்டது. எல்லாம் விளையாட்டு மிஸ்ஸால்.

ஜனவரி 30, வெள்ளி

இன்று கூட்டுச் சதி. பேச்சி மிஸ்ஸின் மெஷினில், நான் ஜன்னலுக்கு வெளியே. அந்த மெஷின் ஜன்னலோரம் இருப்பது ஆண்டவன் செயல். டிஸ்கைச் சரிபார்க்கிறேன் என்று பேச்சி கேட்டதும் விளையாட்டு மிஸ் சரி என்றுவிட்டார். முதல் ரேங்க் எடுப்பவர்களுக்கு உலகமே கதவைத் திறக்கிறது.

“அதே கட்டளைதான். கொயரிக்கு அடுத்து அந்தப் பேரைச் சேர்த்து அடி. ஒரே செஷனோட ஜாதகம் வரும்.”

“ஜாதகமா?”

“அடிட்டி.”

அடித்தாள். கம்பியில் மூக்கை ஒட்டிப் படித்தேன். அது காது கொடுக்கும் வாய்: பொது ஃபோல்டரை எந்த மெஷின் திறக்கிறது, எந்த மெஷின் மாற்றுகிறது என்று சொல்கிற புரொவைடர். எழுதும் ஃபைல் இருக்குமிடம்: அந்த மெஷினிலேயே, ‘பெர்பெச்சுவா சொந்தம்’ என்ற ஃபோல்டர். அளவுக்கு வரம்பு: போடவில்லை.

பேச்சி வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். “மிஸ்ஸா?”

“பொட்டணத்துல அளவு குடுத்தவ பேரு” என்றேன். அவளுக்குப் புரியவில்லை, விளக்கினேன். மிஸ் என்னைப் பிடிக்கப் பொறி வைத்திருக்கிறார். பிரிண்டரில் கிடந்த தாளும் அவருடையதுதான். நிறுத்தும் பக்கம் வெள்ளையாக வந்ததால், கறுப்பு ஜன்னலை மூடினால் செஷனும் நின்றுவிடும் என்று நினைத்திருப்பார். நிற்காது. ஜன்னலை மூடினால் தெரு காலியாகிவிடுமா? யார் எதைத் திறந்தாலும் எழுதி எழுதி, மெஷினும் அணையாததால் டிஸ்கையே தின்றுவிட்டது.

“எப்படிட்டி நிப்பாட்ட? அந்தப் பக்கம்தான் வெள்ளையா இருக்குன்ன.”

“ஸ்டார்ட்டுன்னு அடிச்சா ஆரம்பிக்கும். நிக்க என்ன அடிப்ப? நீ முதல் ரேங்க்லா, சொல்லு.”

ஸ்டாப் என்று அடித்தாள். மறுபடி பட்டியல் போட்டாள். ஆக்ஸி இல்லை. என் பெயர் பட்டியலில் இல்லாதது இத்தனை நிம்மதியாக என்றைக்கும் இருந்ததில்லை. பெரிய ஃபைலை அழிக்க வேண்டாம், சாட்சி என்று பேச்சி சொல்லிவிட்டாள்.

“வா, இப்பவே சிஸ்டர்ட்ட சொல்லுவோம்.”

“வேண்டாம்.”

“ஏன்? ஒனக்குப் பரீட்சையே போயிரும்.”

“திங்கக்கிழமை மிஸ் வந்துருவாவ. அவ்வோட்டயே சொல்லுவோம்.”

“மிஸ் நான் இல்லன்னு சொல்லிட்டா?”

“போச்சு. கல்லூரிக்குப் பதிலா அம்மா பக்கத்துல உக்காந்து பட்டன் தைக்க வேண்டியதுதான்.”

“கிறுக்கு பிடிச்சிருக்காட்டி ஒனக்கு?”

“சிஸ்டர் முன்னால மிஸ் கைகட்டி நிக்கிறத நெனச்சுப் பாத்தேன். வேடிக்கையா இல்ல.”

பேச்சி என்னையே பார்த்தாள். “மேடையில நான் நின்னது வேடிக்கையா இருந்துச்சா?”

கம்பியில் துரு உதிர்ந்திருந்தது. அதைச் சுரண்டினேன்.

“மொத ரெண்டு வரி வரைக்கும். அப்பறம் எல்லாரும் சிரிச்சாவ. நீ தாளைத் திருப்பித் திருப்பிப் பாத்தது எனக்குத் தெரிஞ்சுது. நான் எந்திரிச்சு வந்து சொல்லியிருக்கணும், நான்தான்னு. வரல.” பிறகு, “மன்னிச்சிரு பேச்சி” என்றேன்.

விசில் அடிக்கும் என்று காத்திருந்தேன். வேண்டிய நேரத்தில் அந்த மிஸ் அடிப்பதே இல்லை.

“சரி” என்றாள் பேச்சி. போய்விட்டாள்.

‘சரி’ என்றால் என்ன சரி? அவள் ஒரு வார்த்தை பேசியதை நான் ஒரு மணி நேரமாக ஆராய்ந்துகொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 2, திங்கள்

மிஸ் வந்துவிட்டார். மத்தியானம், செருப்புகளுக்கு நடுவில் நான், பக்கத்தில் பேச்சி. நான் கூப்பிடவில்லை, அவளாகவே வந்து நின்றாள்.

“மிஸ்” என்றேன். “நீங்க கறுப்பு ஜன்னலை மூடிட்டுப் போனீங்க. அது நிக்கல.”

பெர்பெச்சுவா மிஸ் முதலில் கோபமாகத்தான் பார்த்தார். பேச்சி விவரம் சொல்லச் சொல்ல முகம் மாறியது. உள்ளே போய்த் தானே பார்த்தார். ஃபைலின் அளவைப் பார்த்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“நான் மூடினேனேம்மா. சிலுவை போட்டுட்டுத்தான் மூடினேன். ஃபோன்லகூட அது உன் வேலைன்னுதான் நெனச்சேன். நான் வச்சதுதான் முடிஞ்சு போச்சேன்னு...”

“பரவாயில்ல மிஸ்.”

“பரவாயில்லன்னு சொல்லாத, இன்னும் நான் உன்னை விடல. நான் இதை வச்சதே நீ என்ன பண்றேன்னு பாக்கத்தான். வச்சது வச்சாச்சு, பாத்துருவோம்.”

இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஃபைலைப் பிரித்துப் படிக்கும்படி மாற்ற மெஷினுக்கு மத்தியான இடைவேளை முழுவதும் பிடித்தது. நான் வாசல்படியில், ஒரு கால் உள்ளே ஒரு கால் வெளியே. கால் வைக்கக் கூடாது என்றுதான் உத்தரவு, எத்தனை கால் என்று சொல்லவில்லை.

மிஸ் கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சத்தமாகப் படித்தார். “பதினோராம் நம்பர் மெஷின். மத்தியானம். பேச்சியம்மாள் ஃபோல்டர், திறந்தது. மூடியது. மறுநாள் மத்தியானம், பதினோராம் நம்பர், பேச்சியம்மாள் ஃபோல்டர், திறந்தது. மூடியது. மறுநாள்...” இன்னும் கீழே இறங்கினார். “தினம் திறந்திருக்கியேம்மா. ஒண்ணுலயும் ஒரு எழுத்துகூட மாத்தல. திறக்கிற, பாக்குற, மூடுற. காலியாக்குனது எல்லாம் மூணாம் நம்பர்லருந்து, இடமில்லாதப்ப சேமிச்சது.” கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “மாத்தவும் இல்ல, கெடுக்கவும் இல்ல. தினம் எதுக்குத்தான் திறந்த?”

“சோதனை மிஸ்.”

“என்ன சோதனை?”

“ஃபோல்டர்... திறக்குதான்னு.”

நான் பேச்சியைப் பார்க்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தது காது சூட்டில் தெரிந்தது.

(குறிப்பு: டைரி படிக்கும் அன்பருக்கு. அது உண்மையிலேயே சோதனைதான். அவள் புதிதாக ஏதாவது எழுதியிருக்கிறாளா, நன்றாக எழுதியிருக்கிறாளா என்று ஒரு பொது அறிவுக்காக.)

மிஸ் எழுந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, தனியாகச் சிஸ்டர் அறைக்குப் போனார். நாங்கள் வரட்டுமா என்று கேட்டதற்கு, “பொறி வச்சவ நான். நானே போறேன்” என்றார். திரும்பி வந்தபோது முகம் சிவந்திருந்தது, குரல் பழையபடி இருந்தது. “செருப்புக் காவல் போதும். உள்ள வா. பாஸ்வேர்டை மாத்தப் போறேன், எல்லாரும் திரும்பி நில்லுங்க.”

திரும்பி நின்றோம். பின்னாலிருந்து ஒவ்வொரு எழுத்தாகக் காதில் விழுந்தது.

இரவு மீன் குழம்பு. தலைத் துண்டு என் தட்டில்.

பிப்ரவரி 10, செவ்வாய்

செய்முறைத் தேர்வு. பாம்பு சீறவில்லை. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் செருப்பைத் தேடும்போது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் இல்லை. அவருடையது செருப்படுக்கின் அடியில் கிடந்தது. நம்பவும்.

பிப்ரவரி 12, வியாழன்

லேப்பில் கடைசி நாள். ரெக்கார்டு நோட்டைத் திரும்ப வாங்கத்தான் போனோம். பேச்சி கதவோரம் மூன்றாம் மெஷினில் எதையோ அடித்துக்கொண்டிருந்தாள். அதற்கு முன்னால் பதினோராம் மெஷினில் என்னவோ செய்துவிட்டுப் போயிருக்கிறாள். உறை தலைகீழாகப் போர்த்தியிருந்தது, ரோஜாப்பூ தண்டு மேலாக.

உட்கார்ந்து, பழக்க தோஷத்தில் கறுப்பு ஜன்னலைத் திறந்து பட்டியல் போட்டேன். வழக்கமான பெயர்கள். யூசர் நாட் பிரசன்ட், ஓடிக்கொண்டிருக்கிறான். அதற்கும் கீழே, கடைசியாக, புதிதாக ஒன்று:

ஏட்டி. ரன்னிங்.

பேச்சியம்மாள். முதல் ரேங்க். பாஸ்வேர்டைக் காதில் வாங்கி, பள்ளி வரலாற்றில் தன் முதல் குறும்பைச் செய்திருக்கிறாள். திரும்பிப் பார்த்தேன். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள், மூக்கு மட்டும் விரிந்திருந்தது.

அந்த செஷனின் ஜாதகத்தைப் பார்த்தேன். அளவுக்கு வரம்பு போட்டிருக்கிறாளா என்றுதான். போட்டிருக்கிறாள். அவள் பேச்சி அல்லவா.

நிறுத்தும் கட்டளை எனக்குத் தெரியும். அடிக்கவில்லை. பக்கத்து ஸ்டூலில் இருந்த பையைத் தூக்கித் தரையில் வைத்தேன்.